திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்: ஓய்வுக்காலப் பயணங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம் நானும் மனைவியும் குன்றின் மேல் இருந்த ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போனோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பேருந்து, எங்கே இறங்கி மாறுவது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பத்துப் படிக்கு ஒரு முறை உட்கார்ந்து கீழே வந்து சேர்ந்தபோது கடைசிப் பேருந்து போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. இருட்டில் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவள் கோபப்படவில்லை. “போறதுக்குப் போட்ட கணக்கை வர்றதுக்கும் போட்டிருக்கலாம்ங்க” என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து எந்தப் பயணமானாலும் தாளின் முதல் வரியில் திரும்பும் நேரத்தைத்தான் எழுதுகிறேன். ஒரு நாள் உலாவுக்கு அது மணி. பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் அது தேதி. தூர தேசத்துக்குப் போனால் அது வந்தபிறகு ஒதுக்கும் ஓய்வு நாட்கள். வேலையில் இருந்தபோது நமக்கு நேரம்தான் போதாமல் இருந்தது. இப்போது நேரம் நிறைய இருக்கிறது, தெம்புக்குத்தான் கணக்கு வைக்க வேண்டும். போகும்போது உற்சாகம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். திரும்பி வருவதற்கு மிச்சமிருக்கும் தெம்பு மட்டும்தான் துணை.

புதிதாக ஓய்வு பெற்று, இனி நாலு இடம் போய் வரலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்து பாருங்கள். நேராகப் பெரிய பயணத்துக்குத் தாவ வேண்டாம்.

முதல் படி: உங்கள் தெம்பை அளந்துகொள்ளுங்கள்

இரண்டு வாரம் எங்கும் போக வேண்டாம். வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எவ்வளவு நேரம் நடந்தால் உட்காரத் தோன்றுகிறது, எத்தனை மணிக்கு ஒரு முறை கழிவறை தேவைப்படுகிறது, ஓர் இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் குறித்து வையுங்கள். நடக்கும் வேகத்துக்குச் சுலபமான அளவுகோல் ஒன்று உண்டு. மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் பயண வேகம். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு இழுத்தால் அது அதிகம்.

வீட்டுப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நடக்க முடிந்தால், வெளியூரில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத பாதை, வெயில், கூட்டம், தோளில் பை, எல்லாம் சேர்ந்து மீதியை எடுத்துக்கொள்ளும். இரண்டு பேராகப் போனால் யாருக்குத் தெம்பு குறைவோ அவர் கணக்குதான் இருவருக்கும். இதைக் கிளம்பும் முன்பே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். போன இடத்தில் “உன்னால்தான் பார்க்க முடியவில்லை” என்ற பேச்சு வந்தால் அந்த நாளே கசந்துவிடும்.

நெஞ்சு வலி, படி ஏறினால் மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் இருந்தால் நடைக் கணக்கு அப்புறம், மருத்துவர் முதலில்.

இரண்டாவது படி: அரை நாள் உலா

முதல் உலாவில், போன இடத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடம் போதும். பூங்கா, ஏரிக்கரை, நூலகம், அருங்காட்சியகம், எதுவானாலும் சரி. வார நாளில் போங்கள். அலுவலகம் போகிறவர்களுக்குக் கிடைக்காத செவ்வாய்க்கிழமைக் காலை நமக்குக் கிடைத்திருக்கிறது. கூட்டம் இருக்காது, உட்கார இடம் இருக்கும், கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். மாலை 3:30-க்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றால், 2:30-க்கு வண்டி ஏற வேண்டும். ஆனால் கடைசி வண்டியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதற்கு முந்தைய வண்டிதான் உங்கள் வண்டி. கடைசி வண்டி அவசரத்துக்கு இருக்கட்டும். 2:30 வண்டிக்கு 2 மணிக்கே இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். 10:30-க்குப் போய்ச் சேர்ந்தால் கையில் மூன்றரை மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி நேரம் போக, பார்க்க இருப்பது இரண்டே மணி நேரம். இப்படி எழுதிப் பார்த்தால்தான் ஐந்து இடம் என்று போட்ட பட்டியல் இரண்டாகச் சுருங்கும். சுருங்கட்டும். பார்த்த இரண்டும் மனதில் நிற்கும்.

மேடான இடமென்றால் ஒன்றை மறக்காதீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் கூடும். பாதிக்குப் பாதி தெம்பு கையில் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

அருங்காட்சியகத்தைச் சுலபமான இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். நடை குறைவுதானே என்று தோன்றும். ஆனால் நின்று நின்று, குனிந்து, கழுத்தை வளைத்துப் பார்ப்பது ஒரே சீராக நடப்பதை விடச் சோர்வு தரும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இதை 1916-லேயே எழுதியிருக்கிறார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படமெடுத்தே காட்டினார். அதனால் உள்ளே நுழைந்ததும் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து நேராக அங்கே போங்கள். வாசலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், நீங்கள் ஆசைப்பட்ட அறைக்கு வரும்போது இடுப்பு விட்டுவிடும்.

தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று இருக்க வேண்டாம். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும், நமக்குத் தெரியாது. கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். போய் இறங்கியதும் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பயம் பாதி போய்விடும். இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் அந்த அளவைத் தாண்ட வேண்டாம்.

இப்படி நாலைந்து அரை நாள் உலா போய் வந்த பிறகு முழு நாளுக்குப் போகலாம்.

மூன்றாவது படி: மருந்துப் பை

என்னைக் கேட்டால் ஓய்வுக்காலப் பயணத்தில் பாதி வெற்றி இந்தச் சின்னப் பையில்தான் இருக்கிறது. எங்களுடையது உள்ளங்கை இரண்டு அளவுள்ள ஒரு ஜிப் பை. பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றும் அதற்குள் கிடக்கும். ஒவ்வொரு ஜோடிக் கண்ணாடி மாற்றும்போதும் பழையதை உள்ளே போட்டுவிடுவோம். கண்ணாடி உடைந்தால் மருந்து அட்டையில் இருக்கும் எழுத்தைக் கூடப் படிக்க முடியாது, அதனால் அதுவும் மருந்தோடு சேர்த்திதான்.

மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் பிரித்து டப்பாவில் போட்டால் எது எது என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்கு உதவ வருபவருக்குத் தெரியாது. போகும் நாட்களுக்குத் தேவையானதோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வையுங்கள். அதை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு உங்கள் கைப்பையிலும் ஒரு பங்கு துணைவர் கைப்பையிலும் இருக்கட்டும். பெரிய பெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போய்விடும். இன்சுலின் போடுபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் அது உறைந்துபோக வாய்ப்புண்டு, உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

அப்புறம் ஒரு சீட்டு. உங்கள் பெயர், வயது, ரத்த வகை, என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எதற்கு ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் ஒரு பக்கத்தில். மருந்துக்கு வணிகப் பெயரை மட்டும் எழுதாமல் மூலப்பெயரையும் (உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர்) எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பெயரைச் சொன்னால் அநேகமாக எந்த மருந்துக் கடைக்காரருக்கும் புரியும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதற்குத் தந்த அட்டையையும் இதோடு சேர்த்து வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் முதலில் அட்டையைக் காட்டிவிட்டு அப்புறம் நகருங்கள்.

நான்காவது படி: ஓர் இரவு வெளியில்

இது பெரும்பாலும் தூக்கத்துக்கான ஒத்திகை. புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது தெரிந்ததுதான், அதனால் மறுநாள் திட்டத்தைப் பாதியாகப் போடுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். அறைக்குள் போனதும், வெளிச்சம் இருக்கும்போதே, கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு முறை நடந்து பாருங்கள். எத்தனை அடி என்று எண்ணுங்கள். வாசலில் படி இருக்கிறதா, தரைவிரிப்பு மடங்கி இருக்கிறதா, விளக்கு விசை எந்தப் பக்கம், எல்லாம் கையால் தொட்டுப் பாருங்கள். என் மனைவி கட்டிலின் எந்தப் பக்கம் வீட்டில் படுப்பாளோ அதே பக்கம்தான் எங்கே போனாலும் படுப்பாள். நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் எழுந்தால் கால் பழக்கப்பட்ட பக்கம்தான் இறங்கும். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும். கைபேசி வெளிச்சம் போதும் என்று நினைக்காதீர்கள், இருட்டில் அதைத் தேடி எடுப்பதற்குள் எழுந்து நின்றிருப்பீர்கள்.

ஐந்தாவது படி: பிள்ளைகள் வீட்டில் தங்குவது

இதைப் பயணம் என்றே பலர் கணக்கில் எடுப்பதில்லை. நம் பிள்ளை வீடுதானே என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால் மற்ற எல்லாப் பயணத்தையும் விட இதற்குத்தான் அதிக முன்யோசனை வேண்டும். ஏனென்றால் இங்கே களைப்பு காலில் வராது, மனதில் வரும்.

திரும்பும் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன், “இந்தத் தேதியில் வந்து இந்தத் தேதியில் கிளம்புகிறோம், உங்களுக்கு வசதிதானா?” என்று மகனிடம் மட்டும் கேட்காமல் மருமகளிடமும் கேளுங்கள். மகள் வீடென்றால் மாப்பிள்ளையிடமும். “எத்தனை நாள் வேணாலும் இருங்க” என்று அவர்கள் அன்பாகச் சொன்னாலும் தேதி இருக்கட்டும். தேதி தெரிந்தால் அவர்களும் வேலைகளை அதற்கேற்ப மாற்றி வைப்பார்கள், இருக்கும் நாட்களுக்கும் மதிப்புக் கூடும். முதல் தடவை பத்து நாள் போதும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வீட்டுக்கு ஓர் ஓட்டம் இருக்கிறது. காலை யார் எப்போது எழுவார்கள், குளியலறை எந்த நேரத்தில் யாருக்கு, பேரப்பிள்ளைகள் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், இதையெல்லாம் போன அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். முதல் தடவை மகன் வீட்டில் தங்கியபோது, யாரையும் எழுப்ப வேண்டாம் என்று நானே அடுப்படிக்குப் போய்க் காபி போட்டேன். மூடி விழுந்த சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டது. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு மருமகள் படுத்ததே மூன்று மணிக்குத்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தூக்கமில்லாத கண்ணோடு வேலைக்குக் கிளம்பிப் போனதைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே ஒரு பிளாஸ்க் வாங்கி வந்தேன். இரவு படுக்கும்போது அதில் வெந்நீர் ஊற்றி, கோப்பையும் தூளும் எங்கள் அறையிலேயே வைத்துக்கொள்வேன். விடியும் வரை அறைக்குள்ளேயே இருந்து படிப்பேன். இப்போது அந்த பிளாஸ்க் இல்லாமல் நாங்கள் எங்கும் கிளம்புவதில்லை.

ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று மணி நேரம் அந்த வீட்டைவிட்டு வெளியே இருங்கள். அங்கேயும் ஒரு பூங்கா இருக்கும், ஒரு நூலகம் இருக்கும். நீங்கள் இல்லாத அந்த நேரம் அவர்களுக்குத் தேவை. உங்களுக்கும் சாப்பாட்டு மேசையில் சொல்ல ஒரு சேதி கிடைக்கும்.

பேரப்பிள்ளைகளில் ஒவ்வொருவரோடும் தனியாக ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பள்ளிக்கு நடந்தே கொண்டுபோய் விடுவது, ஒரே புத்தகத்தைத் தினம் நாலு பக்கம் சேர்ந்து படிப்பது, இப்படிச் சின்னதாக இருந்தால் போதும். பொம்மை வாங்கிக் கொடுப்பதைவிட இது நிற்கும். எவ்வளவு நேரம் டிவி பார்க்கலாம், என்ன தின்னலாம் என்பதில் பெற்றோர் வைத்த விதியை நாம் தளர்த்தவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம். மாற்றுக் கருத்து இருந்தால் குழந்தைகள் இல்லாத நேரத்தில், மகனிடமோ மகளிடமோ ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அலமாரியை ஒழுங்குபடுத்துவது, பாத்திரங்களை இடம் மாற்றுவது போன்ற உதவியைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

ஆறாவது படி: நம்மைவிட மூத்தவர்களைப் பார்த்துவிட்டு வருவது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். மற்ற இடமெல்லாம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

அக்காவுக்கு எண்பது தாண்டி, ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்த காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் வந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்தால் அவளுக்குக் களைப்பு. ஒன்றரை மணி நேரம், அதுவும் காலையில், அப்போதுதான் அவள் தெளிவாக இருப்பாள். எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம், முகம் தெரியும்படி உட்கார்வேன். “என்னைத் தெரியுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “நான்தான்க்கா, உன் தம்பி வந்திருக்கேன்” என்று நானே சொல்லிவிடுவேன். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுப்பேன். என் பெயர் அவளுக்கு வராத நாளில் கூட, படத்தில் அவள் போட்டிருந்த பாவாடையின் நிறத்தைச் சொன்னாள். அது கறுப்பு வெள்ளைப் படம். “பச்சை” என்றாள். எங்கள் அம்மா தைத்தது என்றாள். அதைச் சொல்ல அவளைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

போகும்போது மென்மையான பென்சில் ஒன்று எடுத்துப் போங்கள். படத்தின் பின்னால் ஓரமாக யார், எங்கே, எந்த வருடம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும். அவர்கள் சம்மதித்தால் குரலையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் போகாதீர்கள், அந்த வயதில் நம் சளி அவர்களுக்கு நிமோனியாவாக மாறலாம்.

ஏழாவது படி: நீண்ட பயணம்

மேலே சொன்னதெல்லாம் பழகிய பிறகு, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து இதற்கு வாருங்கள்.

காகித வேலையை முதலில் முடியுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காதீர்கள். மறைத்தால் கட்டணம் குறையும், பணம் தேவைப்படும் நேரத்தில் கோரிக்கை தள்ளுபடியாகும்.

மருத்துவரைக் கிளம்புவதற்கு ஆறு வாரத்துக்கு முன்பே பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். அது ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் கூடுதல் எச்சரிக்கை தேவை, அதனால் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு செலுத்தியிருந்தால், அது முழுவதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும் வரை விமானம் ஏறவே கூடாது.

நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். நாலு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விமானத்துக்கு மட்டும் இல்லை, ரயில், பேருந்து, கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இரட்டிப்பானாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து சிறியதுதான், பயப்பட வேண்டாம். நடைபாதைப் பக்க இருக்கை கேளுங்கள். மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். எழ முடியாதபோது குதிகாலைத் தரையில் வைத்து முன்பாதத்தை ஏற்றி இறக்குங்கள். யாரோ சொன்னார் என்று ஆஸ்பிரினை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போல இருக்கும், காற்றும் வறண்டிருக்கும். நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

சக்கர நாற்காலி கேட்பதில் பலருக்கும் தயக்கம். வீட்டில் நன்றாக நடக்கிறேனே, எனக்கு எதற்கு என்று நினைக்கிறோம். பெரிய விமான நிலையத்தில் வாயிலிலிருந்து வாயிலுக்கு நடப்பதும் வரிசையில் நிற்பதும் ஒரு நாள் தெம்பை அங்கேயே குடித்துவிடும். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள். நடப்பதற்குத்தானே போகிறோம், அந்த நடையை, பார்க்க வந்த ஊருக்கு மிச்சம் வையுங்கள்.

நேர மண்டலம் தாண்டினால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். கிழக்கு நோக்கிப் போவது மேற்கு நோக்கிப் போவதைவிடக் கடினம், ஏனென்றால் நம் உடல் கடிகாரத்துக்கு நாளை நீட்டிக்கொள்வது சுலபம், சுருக்குவது கஷ்டம். போன இடத்தில் பகல் வெளிச்சத்தில் இருங்கள். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து போன்றவற்றை எந்த ஊர் நேரப்படி எடுப்பது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு

நீண்ட பயணத்துக்குப் பின் குறைந்தது மூன்று நாள் வெறுமையாக இருக்கட்டும். விருந்தாளி, விசேஷம், மருத்துவப் பரிசோதனை எதுவும் வேண்டாம். இந்த மூன்று நாளைக் கிளம்பும் முன்பே நாட்காட்டியில் அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த உறைவு பயணம் முடிந்து சில வாரம் வரை கூடத் தலைகாட்டலாம்.

வந்த அன்று பெட்டியைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, மருந்துப் பையை மட்டும் எடுத்து, குறைந்ததை அன்றைக்கே நிரப்பி வையுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் மூன்று வரி: எங்கே களைத்தோம், எதைத் தேவையில்லாமல் தூக்கிப் போனோம், எத்தனை மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். எங்கள் நோட்டில் முதல் பக்கம் அந்தக் கோட்டைதான். அடுத்த தடவை 12:30-க்கு இறங்க ஆரம்பிக்க வேண்டும் என்று மனைவி கையெழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, மறுபடி போய் வந்த தேதி.